மூணாவது சான்ஸ்

வாப்பா, வா. தயாளன்தான? செருப்ப அங்கயே உட்டுட்டு வா. நேத்துலருந்து ஒம்பது தடவ போன் பண்ணிட்டேன் உங்க ஆபீசுக்கு. ஒவ்வொரு தடவயும் ஒரு பொண்ணு, தமிழுக்கு ஒண்ணை அழுத்தவும்ங்குது. அழுத்துனா பாட்டு போடுது. பாட்டு கேக்கவாப்பா நான் போன் பண்ணேன்? சரி உடு, வந்துட்ட இல்ல. மணி இன்னா ஆவுது? ஒண்ணரை. ரெண்டு மணிக்கு ஆரம்பம். என் பொண்ணு வெயிட்டு தூக்குது இன்னிக்கி. அதுக்குள்ள இந்த டிவிப் பொட்டிய பேச வெச்சுடு, உனக்குப் புண்ணியமாப் போவும்.

இன்னாத்தத் திரும்பிப் பாக்கற? வாசல் கேட்டா? பூட்டிட்டேன். பயப்படாத, வேல முடிஞ்சதும் நானே தெறந்து உடறேன். போன மாசம் வந்தவன், ஒயரு எடுத்தாறேன்னு சொல்லிட்டுப் போனான். பதினஞ்சு நாளு கழிச்சு வந்து பல்லக் காட்னான். அதான். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. சுலோச்சனா! ஒரு டீ போடு, மெக்கானிக்கு வந்திருக்காரு.

போடாது. என் சம்சாரம், உள்ளதான் இருக்குது, ஆனா போடாது. காலைலருந்து எங்கிட்ட பேச்சு இல்ல. அது கெடக்குது, நீ பொட்டியப் பாரு.

செவுத்துல பாத்தியா, அந்த போட்டோதான் எம்பொண்ணு. ரேணுகா. எங்க கொலதெய்வம் பேரு. அம்பத்தஞ்சு கிலோ பிரிவு. இந்த சத்துவாச்சாரில எந்தக் கதவத் தட்டுனாலும் வெயிட்டு தூக்குனவன் ஒருத்தன் இருப்பான், உனக்கே தெரியும். ஆனா எங்க தெருவுல ஒரு பொம்பளப் புள்ளைக்கு இந்தியா பனியன் போட்டு உட்டது இந்த ஏழுமல ஒருத்தன்தான். மாஸ்டர்னுதான் கூப்புடுவாங்க. ராணிப்பேட்டைல தோல் கம்பெனில மேஸ்திரி, ஆனா எவனும் மேஸ்திரின்னு கூப்புட மாட்டான். நானும் தூக்குனவன்தான். எண்பத்தேழுல ஸ்டேட்டு லெவலு. இப்ப எடது கை இதுக்கு மேல ஏறாது. தோ, இவ்ளோதான். சட்டைய சுலோச்சனாதான் மாட்டி உடணும். வெயிட்டால வந்ததுன்னு ஊருல சொல்லிகினு திரியறானுங்க. வெயிட்டால எவனுக்கும் ஒண்ணும் ஆவாது. இது வாயு.

டிவிக்குப் பின்னால போறியா? போ, போ. பாத்து, அங்க ஒரு பிரவுன் கவரு இருக்கும். அத எடுக்காத. அங்கயே இருக்கட்டும். ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரி படம். அப்பால சொல்றேன்.

இரு இரு இரு. போன் அடிக்குது.

சே! எங்க தெரு மணிவேலு. 'டிவி வந்துச்சா மாஸ்டர்'ங்கறான். வந்தா சொல்ல மாட்டனா? ஒரு நிமிசம் எனக்கு மூச்சே நின்னுபோச்சு. என்னுது பட்டன் போன்தான்ப்பா, அதுல படமெல்லாம் வராது. வந்தா உன்ன எதுக்குக் கூப்புடப் போறேன்? ஆனா ஒரு வசதி இருக்குது. ஆளுக்கு ஒரு மணி வெச்சுக்கலாம். ரேணுவுக்கு நாதஸ்வரம் வெச்சிருக்கேன். மத்த எல்லாருக்கும் சாதா மணி. தூக்கி முடிச்சு மேடைய உட்டு எறங்குன கையோட மொத போன் எனக்குத்தான் பண்ணும். புடி வழுக்காம இருக்க கையில தடவுன மாவக் கூடத் தொடைக்காது. 'அப்பா, ஆயிடுச்சுப்பா'ங்கும். அந்த நாதஸ்வரத்தக் கேட்டா போதும், எனக்கு சோறே வேணாம். போட்டி அன்னிக்கி சாதா மணி அடிச்சது ஒரே ஒரு தடவதான்.

ரெண்டு வருசம் ஆவுது. ஆசியப் போட்டி. தெருவே இங்க ஒக்காந்துகினு இருந்துச்சு, நீ நிக்கிறியே அந்த எடம் வரைக்கும். நான் இந்த நாற்காலில. அந்த டிவிக்காரன் அன்னிக்கிப் பண்ண அட்டூழியத்தக் கேளு. ரெண்டு மணி நேரம் காட்டறான்னு பேரு. அதுல ஒண்ணரை மணி நேரம் கோட்டு போட்டவன் நாலு பேரு மேசைல ஒக்காந்துகினு பேசறான். தூக்கறது அங்க, இவன் இன்னாத்தடா இங்க பேசறான்? எவனாவது ஒருத்தன் அந்தக் கம்பியத் தொட்டுப் பாத்திருப்பானா? என் பேரோட இங்கிலீசு மொத எழுத்துதான அவ பேருக்கு முன்னால இருக்கும், அத குடும்பப் பேருன்னு நெனச்சுகினு 'ஈ, ஈ'ன்னு கூப்புடறான். 'ஈ நல்லா தூக்கறாங்க'ங்கறான். இன்னா ஈ, கொசு? பெத்து வளத்தவன் நான் இங்க ஒக்காந்துகினு இருக்கறேன்.

சரி, அத உடு. ஒரு ஆளுக்கு மூணு சான்ஸ்ப்பா. மொதல்ல ஒரே மூச்சுல தலைக்கு மேல தூக்கறது, அது மூணு. அப்பால தோளுக்கு ஏத்தி நின்னு, அங்கருந்து மேல தள்றது, அது மூணு. அதுலதான் மெடலே முடிவாவும். ரேணு ரெண்டாவதுல உட்டுட்டா. நூத்தி எட்டு கிலோ. கீழ போட்டுட்டு இடுப்புல கைய வெச்சுகினு போறா. நான் உடனே பிரபாகருக்கு போன் போட்டேன். கோச்சு. எங்கிட்ட கத்துகினவன்தான், இன்னிக்கும் என் எதுர ஒக்கார மாட்டான். 'மூணாவதுக்கு நூத்தி பத்து போடு'ன்னேன். 'மாஸ்டர், இடுப்பப் புடிச்சுகினு இருக்குது, வேணாம் மாஸ்டர்'ங்கறான். 'இடுப்புன்னா புடிக்கத்தான்டா செய்யும், போடு'ன்னேன். போட்டான். என் பேச்சத் தட்ட மாட்டான்.

வந்தா. மாவு தடவுனா. கம்பியப் புடிச்சா. கிட்டத்துல காட்றான், கழுத்து நரம்பு தெரியுது. அந்த நேரத்துல, தயாளா, அந்த நேரத்துல போட்டான் பாரு விளம்பரம். குக்கரு. ஒருத்தி சிரிச்சுகினே மூடியத் தெறக்கறா. ஆவி வருது. எனக்கு எங்கருந்து ஆவி வந்துச்சு தெரியுமா? பக்கத்துல இருந்த சொம்ப எடுத்து உட்டேன். தோ, டிவி ஓரத்துல கீறல் இருக்குதே, அதான். குக்கரு, அப்பால சிமிட்டி, அப்பால பிஸ்கோத்து, அப்பால பனியனு. நாலு. அந்த வரிசைய நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

பிஸ்கோத்து ஓடும்போது போன் அடிச்சுது. சாதா மணி. பிரபாகரு. அப்ப வீட்டுக்குள்ள டவர் எடுக்காது, நான் எடுத்துகினு வாசலுக்கு ஓடுனேன். 'மாஸ்டர், மாஸ்டர்'ங்கறான், அழுவறான். நான் திரும்பி உள்ள வந்தா டிவில வேற நாட்டுப் பொண்ணு. ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கல.

இவங்க பாத்தது இன்னா தெரியுமா? விளம்பரம் முடிஞ்சு ரெண்டே ரெண்டு நொடி காட்டியிருக்கான். மேடைய சுத்தி நாலு பேரு வெள்ளப் பலகைய புடிச்சுகினு மறைச்சுகினு இருந்தாங்களாம். யாருக்குனா அடிபட்டா அப்புடிப் புடிப்பாங்க. பலகைக்குக் கீழ அவ காலு ரெண்டும் தெரிஞ்சுதாம். சுலோச்சனா சொல்லுது. அசையலயாம். அத மட்டும் பாத்துட்டு இது ரெண்டு வருசமா அதயே சொல்லிகினு இருக்குது.

நான் பாக்கல. எல்லாரும் பாத்தாங்க, பெத்த அப்பன் நான் பாக்கல. ஏன்? போன எடுத்துகினு வெளிய போனேன் பாரு, அதான் நான் பண்ண தப்பு. ஒரே தப்பு.

அது மட்டும் இல்ல. அவ தூக்கியிருக்கான்றன் நான். கை மேல போயி நின்னுருக்கும், தூக்குனது செல்லும்னு ஜட்ஜுங்க போடற மூணு வெள்ள வெளக்கும் எரிஞ்சிருக்கும், அப்பாலதான் கீழ வுழுந்திருப்பா. அந்த அம்பது அறுவது நொடிய எவன் பாத்தான்? எவனும் பாக்கல. குக்கரப் பாத்தான். ரேணுவ எத்தினியோ தடவ கேட்டுட்டேன், 'முட்டி ரெண்டும் நேரா நின்னுச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு'ன்னு. எழுந்து போயி பாத்ரூம் கதவ சாத்திக்கும். டிவிக்காரனுக்கு பதினேழு லெட்டரு எழுதிட்டேன். அந்த ஒரு நிமிசத்த மட்டும் அனுப்புடா, உன் காலுல வுழறேன்னு எழுதுனேன். ஒரே ஒரு பதிலு வந்துச்சு. 'தங்கள் ஆதரவுக்கு நன்றி'.

இன்னா, சரி ஆச்சா? இல்லையா? வெளில ஒயரப் பாக்கணுமா? பின்னால போ. சமையல்கட்டு சன்னல் வழியாத்தான் வருது. கவரு கீழ வுழுந்துடப் போவுது, இங்க குடு. குடு, நானே வெச்சுக்கறேன்.

பாக்கணுமா? பாத்துக்க. எலும்புதான். டாக்டரம்மா இத வெளிச்சத்துல புடிச்சு எங்கிட்ட காட்னாங்க. ஆறு வாரம் படுக்கைல இருந்துச்சு புள்ள. முதுகெலும்புல கீழ ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற சவ்வு பிதுங்கி நரம்ப அழுத்துதாம். 'பெரியவரே, இன்னொரு தடவ இந்த மாரி ஆச்சுன்னா காலு போயிடும். அப்பால நடக்கறதே கஷ்டம்'னாங்க. எங்கிட்டதான் சொன்னாங்க. புள்ளைக்குத் தெரிஞ்சா மனசு உட்டுப்போவும்னு நான் சொல்லல. 'ஒண்ணும் இல்லமா, சுளுக்கு'ன்னுட்டேன். டாக்டருங்க அப்புடித்தான்ப்பா. பயமுறுத்துனாத்தான் அவங்களுக்கு மரியாத. எனக்கும் எண்பத்தெட்டுல ஒருத்தர் சொன்னாரு, இனிமே தூக்காதய்யா, கை நின்னுபோவும்னு. நின்னுபோச்சா? இல்ல, நின்னுதான் போச்சு, ஆனா அது வாயுன்னு சொன்னேன் இல்ல.

திரும்பவும் தூக்கணும்னா புள்ள தெம்பா இருக்குதுன்னு சர்டிபிகேட்டு கேட்டாங்க. பழக்கப்பட்ட டாக்டரு ஒருத்தரு இருக்காரு, பாக்காமயே கையெழுத்துப் போட்டாரு. அந்த அளவுக்கு எம்மேல நம்பிக்கை. ரேணு அம்மாவுக்கு அது எப்புடியோ தெரிஞ்சுபோச்சு. கவர எடுத்து எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்குது. அன்னிலருந்து இந்த வீட்ல ஒரே பேஜாரு.

போன வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போச்சு. நான் பின்னாலயே போயி நின்னேன். கண்ண மூடிகினு இன்னா வேண்டுது தெரியுமா? 'மொத மூணு சான்ஸையும் எம்பொண்ணு உட்டுடணும் தாயே'ங்குது! மொத மூணுலயும் ஒண்ணாவது தூக்கலன்னா அடுத்ததுக்கு உட மாட்டாங்க, வெளிய அனுப்பிடுவாங்க. அத இது எப்புடியோ தெரிஞ்சு வெச்சுகினு இருக்குது. பெத்தவ வேண்டிக்கிற வேண்டுதலாப்பா இது? நீயே சொல்லு. பதினாலு வயசுலருந்து ஒவ்வொரு போட்டிக்கும் ஒடம்பு எடைய கொறைக்க மூணு நாளு தண்ணி இல்லாம இருக்கும் எம்பொண்ணு. எச்சி கூட முழுங்காது, கிண்ணத்துல துப்பும். அந்தக் கிண்ணத்தக் கழுவுனது இது. கழுவும்போதே அழுவும். இத்தன வருசம் கழுவிட்டு, இப்ப போயி தோக்கணும்னு வேண்டுது.

இன்னா தயாளா, ஏன் அங்கயே நின்னுட்ட? ஒயரு அறுந்துபோச்சா? எங்க காட்டு. அட. எலி.

எலி இல்லையா? ஒரே வெட்டா இருக்குதா? இப்ப எலிங்க வெவரமாத்தான்ப்பா இருக்குது. சன்னல் வழியா உள்ள இழுத்த மாரி இருக்குதுன்னா, காத்துல வந்திருக்கும். நேத்து சாய்ங்காலம் காத்து. நீ இன்னாத்துக்கு அந்த அருவாமணையப் பாத்துகினு இருக்கற? அது சொரக்கா அரியறதுக்கு வெச்சிருக்குது. சுலோச்சனா, கொஞ்சம் தள்ளிக்க, மெக்கானிக்கு ஒயர ஒட்டட்டும். இன்னா சொல்லிச்சு உங்கிட்ட? ஒட்டாதீங்கன்னா? அது அப்புடித்தான். நீ ஒட்டு. ஒட்டுப்பா. கேட்டு சாவி எங்கிட்டதான் இருக்குது.

காலைல பேசினேன் ரேணுகிட்ட. நல்லாத்தான் பேசிச்சு. 'சாப்ட்டியா'ன்னு கேட்டேன். 'எடை போட்டுட்டுதான்ப்பா சாப்டணும்'னுச்சு. அப்பால, 'அப்பா, எடது காலு கட்டவெரலு தெரியலப்பா'ன்னுச்சு. தெரியலன்னா? கிள்ளுனா தெரியலயாம். 'ஷூவ இறுக்கிக் கட்டியிருப்ப, தளத்திக் கட்டு'ன்னேன். 'வெறுங்காலுதான்ப்பா இருக்கறேன்'னுச்சு. 'அப்ப குளுருக்கு இருக்கும், வெந்நீர்ல வெய்யி'ன்னேன். சரிப்பான்னு வெச்சுடுச்சு. சொன்னாக் கேட்டுக்கும். தங்கமான புள்ள. சின்னதுலருந்து என் பேச்ச ஒரு தடவ கூடத் தட்டுனது இல்ல.

ஆங், வந்துச்சு! வந்துச்சுடா! கைய குடு தயாளா. இரு, போவாத. ஒக்காரு. நீதான உசுரு குடுத்த, நீயும் பாரு.

மணி ரெண்டே முக்கால். போச்சு, மொத மூணு சான்ஸும் பாக்காமயே போச்சு. அடப் பாவி, இன்னா காட்றான் பாரு! கிரிக்கெட்டு. கோட்டு போட்ட நாலு பேரு. அதே நாலு பேரு! எவனோ கிரிக்கெட்டு ஆடறவனுக்கு கட்டவெரல்ல அடிபட்டுச்சாம். அத அம்புக்குறி போட்டு காட்றான். காலு படத்தப் போட்டு எலும்ப எண்றான். 'இந்த விரல் இல்லாமல் எப்படி நிற்பார்'ங்கறான். ஒரு கட்டவெரலுக்கு இவ்ளோ கூத்தாடா? கட்டவெரலுக்கு அரை மணி நேரம்! எம்பொண்ணு அவ எடைக்கு ரெண்டு பங்கு தூக்குது, அதுக்கு ஓரத்துல தபால் தல மாரி ஒரு கட்டம். அதுக்குள்ள யாருன்னு எப்புடித் தெரியும்?

நீ ஏன் என்ன அப்புடிப் பாக்கற? நான் டிவிக்காரனத் திட்றேன்ப்பா.

கீழ ஓடுது பாரு, எழுத்து. படி. எம்பத்தி நாலு தூக்கிட்டாளா? மொத பாகத்துல எம்பத்தி நாலு! கேட்டியா சுலோச்சனா? உன் சாமி உன் பேச்சக் கேக்கல. நாலாவது எடத்துல இருக்கறா. வெங்கலத்துக்கு கொஞ்சந்தான் பாக்கி.

காட்டறான், காட்டறான். ரெண்டாவது பாகம். ரேணு! மூஞ்சி வெளுத்திருக்குது இல்ல? தண்ணி குடிக்காம இருந்தது. நூத்தி எட்டு. ஏத்திட்டா. நில்லு... நில்லு... தள்ளு! அப்புடித்தான்! மூணு வெள்ள வெளக்கு. எடது காலக் கொஞ்சம் இழுக்கற மாரி போறாளா? இல்லப்பா, அது அவ நடை. ஏ, ஏன்டா இவன் சினிமா நடிகர காட்றான்? வேடிக்க பாக்க வந்திருக்காராம். அவரு கைதட்றத மூணு தடவ காட்றான். தூக்குனது எம்பொண்ணு, கும்புடு வாங்கறது அவரு.

நூத்தி பன்னண்டு. வரா. தோளுக்கு ஏத்திட்டா. எழுந்துரு. எழுந்துருமா. முன்னால சாயறாளே. உட்டுட்டா. பரவால்ல. பரவால்ல, இன்னும் ஒண்ணு இருக்குது.

இன்னா சுலோச்சனா? காலைலருந்து வாயத் தெறக்காதவ இப்ப வந்து நிக்கற. இன்னா? பிரபாகருக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லணுமா? நாலாவது எடத்துல உட்டுட்டு வரச் சொல்லணுமா? அழுவாத. போட்டி நேரத்துல அழுதா புள்ளைக்கு ஆவாது. எனக்கு மட்டும் அவமேல ஆச இல்லையா? இந்த ஒலகத்துல எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்டி. அவளுக்கு வேண்டியதத்தான் நான் செய்யறேன். அன்னிக்கி எவனும் பாக்காமப் போச்சே, அத இன்னிக்கி ஊரே பாக்கணும்.

நீயும் அதயே சொல்றியா தயாளா? நீ டிவி ரிப்பேர் பண்ண வந்தவன். ஒக்காரு.

ஹலோ. பிரபாகர். மாஸ்டர் பேசறேன். ரேணுவுக்கு நூத்தி பதினஞ்சு போடு. பதினஞ்சுடா. வெங்கலம் வந்துடும். இன்னா, காலா? அது ஷூ. வெந்நீர்ல வெச்சாளா? வெச்சும் தெரியலயா? சரி, பேசிகினு இருக்க நேரம் இல்ல, கார்ட்ல எழுதிக் குடு. ஏய், நான் சொல்றேன்டா. எழுது. ஆங்.

எழுதிட்டான். என் பேச்சத் தட்ட மாட்டான்.

வரா. சத்தத்தக் கூட்டு. மாவு தடவறா. இன்னா இவ கேமராவப் பாக்கறா? எப்பவும் பாக்க மாட்டாளே. நேரா நம்மளத்தான் பாக்கறா. ஒதடு அசையுது, இன்னா சொல்றான்னு தெரியல. அப்பான்னுதான் சொல்லியிருப்பா. இல்லையா? அம்மான்னா? சரி, எதுனா ஒண்ணு. குனியறா. புடிச்சுட்டா. தோளுக்கு ஏத்து... ஏத்து... எழுந்துட்டா! எழுந்து நிக்கறா பாரு, காலு நடுங்குது, நில்லு கண்ணு, மூச்ச இழு, இழுத்துட்டு ஒரே தள்ளு...

ஐயோ. ஐயோ, ஐயோ. குக்கரு!

பாவிங்களா! அதே குக்கரு! அதே சிரிப்பு! ரெண்டு வருசமா இதே மூடியத்தான் தெறக்கறா. உங்க கையில கட்டி மொளைக்க! எம்பொண்ண காட்டுங்கடா! சேனல மாத்தாத தயாளா, ரிமோட்ட கீழ வெய்யி. மாத்துனா திரும்பப் புடிக்க முடியாது. இரு. பொறுத்துக்கலாம். நாலுதான். எனக்கு வரிச தெரியும். இது முடிஞ்சா சிமிட்டி.

ஒக்காரு சுலோச்சனா. ஏன் தரையில ஒக்கார்ற, நாற்காலி இருக்குது. தோ, சிமிட்டி. வீடு கட்றான். கட்டு, கட்டு. நல்லாக் கட்டு. ஒண்ணும் ஆயிருக்காது. இந்நேரம் தள்ளியிருப்பா. மூணு வெள்ள வெளக்கு. இப்ப பாரு, நாதஸ்வரம் அடிக்கும்.

பிஸ்கோத்து வந்துடுச்சு. இன்னும் ஒண்ணுதான்.

போன்.

சாதா மணி. மணிவேலுவா இருக்கும். டிவி வந்துச்சான்னு கேப்பான், அவனுக்கு வேற வேல இல்ல. இன்னா நம்பரு? படிக்காத. தயாளா, படிக்காதன்றேன். தெரியும். பிரபாகருதான். எடுக்காத. சுலோச்சனா, கைய எடு. கைய எடுடி! அன்னிக்கி இப்புடித்தான் பிஸ்கோத்துல அடிச்சுது, நான் எடுத்துகினு வெளிய ஓடுனேன், பாக்காமப் போயிட்டேன். இன்னிக்கி எடுக்க மாட்டேன். செத்தாலும் இந்த நாற்காலிய உட்டு எழுந்துக்க மாட்டேன்.

நின்னுடுச்சு. பாத்தியா. ராங் நம்பரு.

திரும்பவும் அடிக்குது. அடிக்கட்டும். சாவியா? எதுக்கு சாவி? எங்கயும் போவக் கூடாது, யாரும் எழுந்துக்கக் கூடாது. தயாளா, நீயாவது சொல்லுப்பா இவளுக்கு, கத்த வேணாம்னு. தோ, பனியனு வந்துடுச்சு. இதான் கடைசி. இது முடியட்டும். நாம பாக்குற வரைக்கும் எம்பொண்ணு இன்னும் நின்னுகினுதான் இருக்குது.